கோணல் கொத்தனார் கட்டிய சுவர்கள்

எங்கள் வீட்டுக்கு வழி கேட்டால் யாரும் கதவு எண்ணைச் சொல்ல மாட்டார்கள். "கோணல் வீடா? நேராப் போங்க" என்பார்கள். கல்யாணமாகி முதல்முறை இந்தத் தெருவுக்குள் வந்தபோது வண்டிக்காரரும் அப்படித்தான் கேட்டார். புகுந்த வீட்டுக்கு இப்படி ஒரு பட்டப்பெயரா என்று என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மும்முரமாக ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

கோணல் என்பது என் மாமனார். தொழில் கொத்தனார். கொத்தனாருக்குக் கோணல் என்று பெயர் வைப்பதும் சமையல்காரருக்குப் பேதி என்று பெயர் வைப்பதும் ஒன்றுதான். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு அதே ஊரில், அதே தொழிலில் ஒருத்தர் இத்தனை வருஷம் தாக்குப்பிடித்தார் என்றால் அதற்கு ரோஷம் மட்டும் போதாது, கொஞ்சம் கிறுக்கும் வேண்டும். மாமாவிடம் இரண்டும் தாராளமாக இருந்தன.

ஆள் குள்ளம். கழுத்து என்று தனியாக ஒன்றும் கிடையாது. சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன ரசமட்டம் இருக்கும், நடுவில் நீர்க்குமிழி ஓடுமே, அது. போகிற இடத்திலெல்லாம் அதை வைத்துப் பார்ப்பார். பேங்க் கவுன்டர், டாக்டர் மேஜை, அடுத்த வீட்டு டெய்லர் அக்காவின் தையல் மெஷின், ஒன்றையும் விட மாட்டார். எனக்கு முதல் பிரசவ வலி எடுத்தபோது ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தவர், "எப்படிம்மா இருக்கே" என்று கேட்பதற்கு முன்னால் கட்டிலின் தலைமாட்டில் மட்டத்தை வைத்துப் பார்த்தார். "ஒரு நூல் சாயுது" என்றார். அந்த வலியில் நான் அவரைச் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை, ஆளைக் கூப்பிட்டு கட்டில் காலுக்கு அட்டை வைக்கச் சொன்னார்.

எங்கள் தெருவில் வீடுகளெல்லாம் ஒரே வரிசை. முன்னால் வீடு, பின்னால் நீளமான தோட்டம். தோட்டத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவே செங்கல் சுவர். அத்தனை சுவரையும் கட்டியது மாமாவும் அவருடைய தம்பியும்தான். தம்பியை நான் சின்ன மாமா என்பேன். அவரும் கொத்தனார். எங்களுக்கு இடப்பக்கத்து வீடு அவருடையது. அவர்களுடைய அப்பா விட்டுப்போன இடத்தை இரண்டாகப் பிரித்து, நடுவில் கடைசியாக ஒரு சுவர் எழுப்பினார்கள். அந்தச் சுவரோடு பேச்சும் நின்றது.

நடந்தது இவ்வளவுதான். சுவர் காய்ந்ததும் சின்ன மாமா தன் தோட்டத்தில் நின்று பார்த்திருக்கிறார். சுவர் நடுவில் வயிறு தள்ளிக்கொண்டு அவர் பக்கம் வந்திருப்பதாகப் பட்டிருக்கிறது. நேரே வந்து அண்ணனிடம் சொல்லியிருந்தால் இடித்துக் கட்டியிருப்பார்கள். மனுஷன் டீக்கடையில் போய்ச் சொன்னார். "எங்கண்ணன் கட்டின சுவர் கோணல்" என்றார். மாமாவின் காதுக்கு அது வந்தபோது கூடவே நாலு பேர் சிரிப்பும் வந்தது. "என் சுவரா கோணல்?" என்று கேட்டவர், போய் ஒரு தடவை நூல் பிடித்துப் பார்த்திருக்கலாம் அல்லவா? பார்க்கவில்லை. வீட்டிலிருந்த சாரக்கட்டைகளையெல்லாம் கொண்டுவந்து அந்தச் சுவர் மறைகிற மாதிரி அடுக்கினார். அதற்கப்புறம் அந்த இடத்தைப் பார்க்கவே இல்லை. பயந்துதான் பார்க்கவில்லை என்று நான் ஒருமுறை சொன்னேன். இரண்டு நாள் என் கையால் சாப்பிடவில்லை.

அதோடு முடிந்திருந்தால் அண்ணன் தம்பி சண்டை, யார் வீட்டில் இல்லை என்று விட்டிருப்பார்கள். ஆனால் வருஷம் போகப் போகத் தெருவில் ஒவ்வொருத்தராகத் தங்கள் சுவரைப் பார்க்க ஆரம்பித்தார்கள். எல்லாச் சுவரும் வளைந்திருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் வலப்பக்கச் சுவர், பாதித் தோட்டத்துக்கு அப்பால், ஒரு சாண் உள்ளே வந்திருந்தது. வலப்பக்கத்து வீட்டுக்காரன் இடத்தைத் தின்றுவிட்டான் என்று ஆளாளுக்குக் கொதித்தார்கள். இடப்பக்கச் சுவர் அதே ஒரு சாண் வெளியே போய் இடம் கூடியிருந்ததே, அதைப் பற்றி ஒரு வாய் திறக்கவில்லை. அதில் கத்திரிச்செடி வைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஆக, தெரு முழுக்க வலப்பக்கத்து வீட்டோடு பேச்சு கிடையாது. சின்ன மாமா வீட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற லாரிக்காரருக்கு அவரைக் கண்டால் ஆகாது. எங்களுக்கு வலப்பக்கத்து டெய்லர் அக்காவைக் கண்டால் ஆகக் கூடாது, ஆனால் எனக்கு பிளவுஸ் தைக்க வேறு ஆள் இல்லாததால் நான் அந்தச் சண்டையில் சேரவில்லை. எல்லாரும் ஒத்துப்போன ஒரே விஷயம், கோணல் கொத்தனார் வலப்பக்கத்து ஆளிடம் கையூட்டு வாங்கிக்கொண்டு நூலைத் தள்ளிப் பிடித்துவிட்டார் என்பதுதான். அப்படியென்றால் தெருவில் எல்லாருமே கையூட்டு கொடுத்திருக்க வேண்டும். அந்தக் கணக்கு மட்டும் ஒருத்தருக்கும் உதிக்கவில்லை.

அதற்குப் பிறகு மாமாவுக்குச் சுவர் வேலை வரவில்லை. கக்கூஸ் ஓடு பதிக்க, ஒழுகுகிற தொட்டியைப் பூச, சாக்கடை மூடி வைக்க, இதற்குத்தான் கூப்பிட்டார்கள். குனிந்தும் படுத்தும் செய்கிற வேலைகள். நிமிர்ந்து நின்று கட்டுகிற வேலை ஒன்றுகூட இல்லை. என் கணவர் பேசாமல் வேறு ஊருக்குப் போகலாம் என்றார். மாமா அசையவில்லை.

"ஊர் சொல்றதை விடும்மா, அது ஊர் வாய். அவன் என் கூட நின்னு கரண்டி பிடிச்சவன். 'அண்ணன் கட்டினது நேர்தான்'னு அவன் வாயால ஒரு வார்த்தை, தெரு கேக்கச் சொல்லட்டும். அது போதும் எனக்கு" என்றார்.

"நேரா அவர்கிட்டயே போய்க் கேளுங்களேன் மாமா, கையெட்டுற தூரத்துலதானே இருக்கார்."

"நான் ஏன் கேக்கணும்? அவன்தானே சொன்னான்?"

கையெட்டுகிற தூரம் என்றது சும்மா இல்லை. இரண்டு பேரும் காலையில் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே நேரத்தில் பல் தேய்ப்பார்கள். சின்ன மாமா மோட்டாரை அணைக்க மறந்துவிட்டால், "ஏம்மா, சில பேர் வீட்டுல தண்ணி வழியுது" என்று மாமா என்னைப் பார்த்துக் கத்துவார். மோட்டார் நிற்கும். மாமாவுக்கு இருமல் வந்தால், "சில பேருக்கு பீடியை விடச் சொன்னா கேக்குறதில்ல" என்று அந்தப் பக்கம் ஆகாயத்தைப் பார்த்துக் குரல் வரும். இந்த 'சில பேர்' இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இப்படியிருக்கும்போது சின்ன மாமா வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய் இருக்கப் போகிறார் என்று தெரிந்தது. வேறு ஊர், ரொம்பத் தூரம். மாதக் கடைசியில் கிளம்புகிறார். அதைக் கேட்ட அன்றிலிருந்து மாமாவுக்குச் சாப்பாடு பாதியானது. ரசமட்டத்தை எடுப்பதுகூடக் குறைந்தது. "போறதுக்குள்ள சொல்லுவானாம்மா?" என்று என்னிடம் ஒருநாள் கேட்டார். எனக்கு அவர்மேல் இருந்த எரிச்சலெல்லாம் போய், அந்தத் தம்பிக்காரர் சட்டையைப் பிடித்து இழுத்து வரலாமா என்று இருந்தது.

அந்த வாரம்தான் பூமி குலுங்கியது.

மத்தியானம். அடுக்களையில் நின்றிருந்தேன். அலமாரியில் டம்ளர்கள் தானாகச் சலசலத்தன. எலி என்று நினைத்து அதட்டினேன். அப்புறம் தரையே ஒரு ஆட்டு ஆட்டியது. எல்லாரும் தெருவுக்கு ஓடினோம். லாரிக்காரர் உடம்பெல்லாம் சோப்போடு ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். டெய்லர் அக்கா கையில் பாதி தைத்த ஒரு கால்சட்டை, அதற்குள் அளவு கொடுக்க வந்த ஆளின் ஒரு கால். எல்லாரும் அவரவர் வீட்டைப் பார்த்து நடுங்க, மாமா மட்டும் பின்பக்கம் ஓடினார். ஒவ்வொரு தோட்டமாக எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "ஒண்ணும் விழல. என் சுவர் ஒண்ணுகூட விழல" என்றார். அந்த நிலைமையிலும் அவருக்கு அதுதான் கவலை.

இரண்டொரு நாளில் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். முக்காலி, கருவி, ஒரு பை நிறைய ஆணி. ரோட்டு ஓரக்கல்லில் ஆணி, வாய்க்கால் கரையில் ஆணி, எங்கள் தோட்டத்தில் ஆணி. தெரு அவளுக்கு ஆணிப் பொண்ணு என்று பெயர் வைத்துவிட்டது. நல்ல பெண்தான். கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னாள். எனக்கு விளங்கியதைச் சொல்கிறேன், தப்பிருந்தால் அவளைக் கேளுங்கள்.

நாம் நிற்கிற தரை ஒரே தரை இல்லையாம். பூமியின் மேலோடு துண்டு துண்டாகப் பிளந்து கிடக்கிறதாம். ஒவ்வொரு துண்டும் நாடு, கடலையெல்லாம் சுமந்துகொண்டு நகர்கிறதாம். இரண்டு துண்டு உரசுகிற இடத்தில் சில சமயம் பிடித்துக்கொண்டு, அப்புறம் பிய்த்துக்கொண்டு குலுங்கும். சில இடத்தில் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். அந்த உரசல் கோடு ஒன்று எங்கள் தெருவுக்குப் பின்னால், எல்லாத் தோட்டத்துக்கும் நடுவாக, தெருவுக்கு இணையாகப் போகிறது. கோட்டுக்கு முன்னால் இருக்கிற நிலம் ஒரு பக்கம் போக, பின்னால் இருக்கிறது இன்னொரு பக்கம் போகிறது. வருஷத்துக்கு ஒரு சுண்டுவிரல் நுனி அகலம்கூட இருக்காது. ஆனால் எங்களைப் போலவே அதுவும் ஒருநாள்கூட ஓயவில்லை.

வெள்ளைப் பொடியால் அந்தக் கோட்டைத் தரையில் போட்டுக் காட்டினாள். டெய்லர் அக்கா தோட்டத்தில் தொடங்கி அந்தப் பக்கம் கடைசி வீடு வரை போனாள். பார்த்த ஒவ்வொரு சுவரும் மிகச் சரியாக அந்தப் பொடிக் கோட்டில்தான் வளைந்திருந்தது. டெய்லர் அக்கா தோட்டத்துக்குள் நீட்டிக் கட்டிய சமையலறைச் சுவர் எத்தனை முறை பூசினாலும் அதே இடத்தில் விரிசல் விடும், அதுவும் கோட்டின் மேல்தான்.

மாமா பொடியைப் பார்த்துக்கொண்டே நின்றார். "அப்ப பூமிக்கே நூல் பிடிக்கத் தெரியலையாம்மா?" என்றார்.

"தெரியல சார்" என்றாள் ஆணிப் பொண்ணு, சிரிக்காமல்.

"இதைக் கட்டின கொத்தனார் எவனோ, அவனை யாரும் கோணல்னு சொல்றதில்ல பாரு."

தெருவுக்கு இந்தச் செய்தி பிடிக்கவில்லை. கோணல் கொத்தனார் குற்றவாளி இல்லை என்றால், வலப்பக்கத்து வீட்டுக்காரனும் இல்லை. இத்தனை வருஷம் பேசாமல் இருந்ததற்குக் காரணம் வேண்டாமா? லாரிக்காரர், "பூமியே நகர்ந்தாலும் அதை வேணும்னே என் பக்கம் நகர விட்டது யாரு?" என்று கேட்டார். இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு, வேறு வழியில்லாமல் ஒவ்வொருத்தராக வந்து மாமாவிடம், "தப்பா நினைச்சுட்டோம்" என்றார்கள். டெய்லர் அக்கா அழவே செய்தாள். மாமா எல்லாருக்கும் டீ போடச் சொன்னார். போட்டது நான்.

எல்லாரும் வந்தார்கள். சின்ன மாமா வரவில்லை.

"எங்க ரெண்டு பேர் சுவரை மட்டும் இன்னும் பார்க்கலம்மா" என்றார் மாமா ஆணிப் பொண்ணிடம். சின்ன மாமா வீட்டில் பொருட்களைக் கட்டுகிற மும்முரத்தில் தோட்டக் கதவு பூட்டியே கிடந்ததாலும், எங்கள் பக்கம் சாரக்கட்டைகள் மறைத்ததாலும் அந்த ஒரு சுவர் மட்டும் மிச்சமாகியிருந்தது. "நாளைக்குப் பார்க்கலாம். எல்லாரும் இருக்கட்டும்" என்றார் மாமா. எனக்குப் புரிந்துவிட்டது. தம்பி வாயால் அந்த வார்த்தையைச் சொல்ல வைக்கத் தெருவையே சாட்சிக்குக் கூப்பிடுகிறார். "எதுக்கு மாமா கும்பல்? தனியாப் பேசுங்க" என்றேன். "அவன் டீக்கடையிலதானே சொன்னான்? தனியாவா சொன்னான்?" என்றார்.

மறுநாள் காலையில் எங்கள் தோட்டத்தில் தெருவே நின்றது. சின்ன மாமாவுக்கு ஆள் அனுப்பினோம். வந்தார். கைகளைக் கட்டிக்கொண்டு மாமரத்தடியில் நின்றார். மெலிந்துபோயிருந்தார். என் கணவரும் லாரிக்காரரும் சாரக்கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாகப் போட்டார்கள். பூரான், கரப்பான், ஒரு பழைய செருப்பு எல்லாம் வந்தன. கடைசியில் சுவர் தெரிந்தது.

ஆணிப் பொண்ணு பொடிக் கோட்டை நீட்டிக்கொண்டே வந்து சுவரில் முட்டினாள். அந்த இடத்தில் சுவர் ஒரு சாண் வளைந்திருந்தது. செங்கல் குறுக்கே விண்டு, கலவை பிரிந்து, தெளிவாகத் தெரிந்தது. "இது பூமி வளைச்சதுங்க. மத்த வீட்டுல பார்த்த அதே கோடு" என்றாள்.

"கேட்டியாடா?" என்றார் மாமா. இத்தனை வருஷத்தில் தம்பியிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு. சின்ன மாமா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லாரிக்காரருக்கு எப்போதும் வாய் சும்மா இருக்காது. "அப்ப இது என்ன?" என்றார்.

கோட்டிலிருந்து வீட்டுப் பக்கமாகச் சில அடி தள்ளி, சுவரில் இன்னொரு வளைவு இருந்தது. வயிறு மாதிரி சின்ன மாமா பக்கம் புடைத்திருந்தது. ஆணிப் பொண்ணு பொடியைப் பார்த்தாள், வளைவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சொல்லும்மா" என்றார் மாமா.

"அது..."

"சும்மா சொல்லு."

"அது பூமி இல்லீங்க."

யாரோ சிரித்தார்கள். மாமா சுவரருகே போனார். கட்டைவிரலால் செங்கல் வரிசை ஒவ்வொன்றாகத் தடவினார். விரிசல் இல்லை. கலவை பிரியவில்லை. அடியிலிருந்து மேல்வரை ஒவ்வொரு வரிசையும் வளைந்தே ஏறியிருந்தது. கட்டும்போதே கோணலாகக் கட்டிய சுவர் அது. ஒரு கொத்தனாருக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை. அந்தக் கட்டைகளை இழுத்து மறுபடி சாத்திவிடலாம் போல இருந்தது.

"அது நான் கட்டினது" என்றார் சின்ன மாமா.

எல்லாரும் திரும்பினோம்.

"அன்னிக்கு உனக்குக் காய்ச்சல்ணே. போர்த்திக்கிட்டுப் படுத்திருந்த. இந்தத் துண்டை நான்தான் தனியா ஏத்தினேன். பழியை உன் மேல போட்டுட்டேன்."

மாமா விரலைச் சுவரிலிருந்து எடுக்கவில்லை. "எனக்கு எப்படா காய்ச்சல் வந்துச்சு?" என்றார்.

"வந்துச்சு. நீ மறந்துட்ட."

"என் கை வேலை எனக்குத் தெரியாதா? இந்த இணைப்பைப் பாரு, இது உன் கையா? நீ என்னிக்குடா இவ்வளவு சுத்தமாக் கலவை அடைச்சிருக்க?" சத்தம் ஏறிக்கொண்டே போனது. "நான்தான்டா கட்டினேன். நான்தான் கோணலாக் கட்டினேன். நீ டீக்கடையில சொன்னது சரிதான்."

அந்தப் பெயரைச் சொன்ன எத்தனை பேரோடு அவர் கட்டிப் புரண்டிருக்கிறார் என்று அங்கே நின்றவர்களுக்குத் தெரியும். அதில் பாதிப் பேர் அடி வாங்கியவர்கள்.

"ஒத்துக்கிட்டியா?" என்றார் சின்ன மாமா. "இப்பவாவது வாயைத் திறந்தியே."

"அப்புறம் எதுக்குடா காய்ச்சல்னு புளுகின?"

சின்ன மாமா மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். "இத்தனை பேர் முன்னாடி நீ அப்படி நிக்கிறதைப் பார்க்க முடியல."

மாமா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் எனக்குக் கூடவே கோபமும் வரும். "என்ன படமா ஓடுது? போய் அவங்கவங்க வேலையைப் பாருங்க" என்று தெருவை விரட்டினேன். லாரிக்காரரைத் தோளைப் பிடித்தே தள்ளினேன்.

ஆணிப் பொண்ணு மட்டும் போகாமல் நின்றாள். அவளுக்குத் தன் வேலை முடியவில்லை. தயங்கித் தயங்கி அந்த இரண்டாவது வளைவைக் காட்டி, "இதையும் ஒரு அளவு எடுத்துக்கட்டுமா சார்?" என்று கேட்டாள்.

"அதை விட்டுடும்மா" என்றார் மாமா. "அது நான் கட்டினது."

"நாங்க கட்டினது" என்றார் சின்ன மாமா.